பழைய கொம்பியூட்டரில் தமிழ் வராது என்று யார் சொன்னது?

 

"இது பழைய விண்டோஸ். தமிழ் ஒழுங்கா வராது. புதுசு எடுங்க." வீட்டுக் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போகும் பெற்றார் இந்தப் பதிலோடுதான் திரும்பி வருகிறார்கள். பிறகு பிள்ளையின் ஒப்படைக்குப் பக்கக் கணக்கில் காசு கொடுத்துக் கடையில் டைப் பண்ணுகிறார்கள்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இலும், விண்டோஸ் 7க்கானது 2020 ஜனவரி 14இலும் நின்றது உண்மை. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது. ஆகவே அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள், இன்டர்நெட் வயரையே கழற்றி விடுங்கள். கட்டுரை எழுத இன்டர்நெட் எதற்கு?

தமிழ் வராது என்பதுதான் பச்சைப் பொய். விண்டோஸ் 7இல் தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது. எக்ஸ்பி என்றால் கன்ட்ரோல் பெனலில் மொழிகளுக்கான இடத்தில் ஒரு பெட்டிக்குச் சரி போட வேண்டும். சிலவேளை விண்டோஸ் சீடியைக் கேட்கும். அவ்வளவுதான்.

அதிலுள்ள பழைய நோட்பேட்டில் தமிழை அடித்து, கேட்பதைக் கவனிக்காமல் சேமித்தால், மறுநாள் எல்லாம் கேள்விக்குறியாகக் கிடக்கும். "பாத்தீங்களா, வராது" என்பவர்கள் காட்டுவது இதைத்தான். சேமிக்கும்போது ஆன்சி என்பதை யுடிஎஃப்-8 என்று மாற்றாததுதான் குற்றம். தினமும் மாற்ற அலுப்பாக இருந்தால் நோட்பேட் பிளஸ் பிளஸைப் போடுங்கள். 2003 முதல் இலவசம், சில எம்பிதான். புதிய பதிப்பு எக்ஸ்பியில் ஏறாது, 7.9.2 ஏறும். பழைய மெசின் பெரும்பாலும் 32 பிட், அதற்குரியதை எடுங்கள். ஒருமுறை யுடிஎஃப்-8 என்று அமைத்து விட்டால் போதும்.

இனி பாமினி. இதில்தான் எனக்குக் கோபம்.

பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கொம்பியூட்டர் உள்ளே வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தமிழ் அங்கே இல்லவே இல்லை, மேலே தமிழ் வேசம் மட்டும். வட்ஸ்அப்பில் போட்டால் வேசம் கலைந்துவிடும். பெயர் ஒன்றைத் தேடினால் கிடைக்காது. யுனிகோட்டில் தமிழ் 1991இலேயே ஏறிவிட்டது. இன்றைக்கும் எங்கள் சங்கக் கூட்டறிக்கை, கோயில் உற்சவ நோட்டீஸ், பள்ளிவாசல் சந்தாப் பட்டியல், பாடசாலை மலர் எல்லாம் பாமினியில் அடிபடுகின்றன. கையில் வருவது பிரின்ட் மட்டும், பைல் கடைக்காரரின் மெசினில். அந்த மெசின் பழுதானால் ஊரின் பத்து வருசக் கணக்கு போச்சு.

"கை பாமினிக்குப் பழகிட்டுதே" என்கிறார்கள். இருக்கட்டும். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் இரண்டிலும் பாமினி விசைப்பலகையே இருக்கிறது. அதே விரல், அதே விசை, உள்ளே விழுவது மட்டும் யுனிகோட். இரண்டும் இலவசம். தட்டெழுதிச் சம்பாதிக்கும் தம்பிமாருக்கு இதைச் சொல்வது அவர்கள் வயிற்றில் அடிக்க அல்ல. வேலை கேட்டு வருபவர்களுக்கு யுனிகோட் பைலையும் சேர்த்துக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வசதியுள்ளவர் புது லெப்டொப் எடுக்கட்டும், நான் மறிக்கவில்லை. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு கடற்றொழில் செய்பவரையும் தோட்டம் செய்பவரையும் பார்த்து அதே வார்த்தையைச் சொல்ல எப்படி வாய் வருகிறது?

மூன்று மென்பொருளும் என் பென் டிரைவில் இருக்கின்றன. பாடசாலை விட்ட பிறகு வாருங்கள், கொப்பி பண்ணித் தருகிறேன். வருமுன் உங்களுடையது எக்ஸ்பியா, செவனா, எத்தனை பிட் என்று மட்டும் பார்த்து வாருங்கள்.