மூளைக் கட்டிக்கு நானோ மருந்து வந்துவிட்டதா? எலியைத் தாண்டி எவ்வளவு தூரம்?

மூக்கில் சில சொட்டு விட்டால் மூளைக் கட்டி காணாமல் போகுமா? 2025 நவம்பரில் இப்படியொரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. செய்தியில் பொய் இல்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும், சிகாகோ பக்கத்தில் இருக்கும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு அது. நுண்ணிய தங்கத் துகளைச் சுற்றி டி.என்.ஏ. இழைகளைப் பதித்து மூக்கு வழியாக அனுப்பினார்கள். நோய் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டது. வேறு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தபோது கட்டி மறைந்தது. எல்லாம் சரி, ஆனால் அது எலியின் மூளை. எலி மூளையின் எடை அரை கிராம்கூட வராது. மனித மூளை கிட்டத்தட்ட 1,400 கிராம். தலைப்பை மட்டும் பார்த்து ஃபார்வர்டு செய்பவர் இதையெல்லாம் யோசிக்கப் போவதில்லை.

ஆனால் வீட்டில் ஒருவருக்குக் கிளியோபிளாஸ்டோமா என்று ரிப்போர்ட் வந்திருக்கும் குடும்பம் அதை வேறு மாதிரி படிக்கும். மூளையிலேயே உருவாகும் புற்றுநோய்களில் மிக மூர்க்கமானது இது. 2005-ல் வெளியான பெரிய ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் சராசரி ஆயுள் 12.1 மாதங்கள். டெமோசோலோமைடு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தபோது 14.6 மாதங்கள். இரண்டரை மாதம்தான் வித்தியாசம். அதுவே அன்றைக்குப் பெரிய முன்னேற்றம். இருபது வருஷம் கழித்தும் ஆபரேஷன், கதிர்வீச்சு, அந்த மாத்திரை என்பதுதான் அடிப்படைச் சிகிச்சை.

மருந்து ஏன் உள்ளே போவதில்லை?

உடம்பின் மற்ற இடங்களில் ரத்தக் குழாய்ச் சுவரில் சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கும், மருந்து அதன் வழியாகக் கசிந்து திசுவுக்குள் போகும். மூளையில் அந்தக் கதை நடக்காது. அங்கே ரத்தக் குழாயின் செல்கள் ஒன்றோடு ஒன்று இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். 1880-களில் ஜெர்மன் மருத்துவர் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். உடம்பு உறுப்புகள் எல்லாம் நிறம் மாறின, மூளை மட்டும் மாறவில்லை. இந்தத் தடுப்புக்குத்தான் ரத்த-மூளைத் தடை என்று பெயர். கிருமியும் விஷமும் மூளைக்குப் போகாமல் காப்பாற்றும் அதே காவல், கீமோ மருந்தையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. கட்டியின் நடுப்பகுதியில் இந்தத் தடை ஓரளவு பழுதாகி ஒழுகும். ஆனால் ஓரத்தில், நல்ல திசுவுக்குள் வேர் விட்ட செல்களைச் சுற்றி அது அப்படியே இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு கட்டி திரும்ப வளர்வது பெரும்பாலும் அந்த ஓரத்திலிருந்துதான்.

நானோ துகள் இங்கே என்ன செய்யும்?

தலைமுடியின் குறுக்களவு சுமார் 80,000 நானோமீட்டர். மருந்து சுமக்கும் துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 200 நானோமீட்டர் வரை. சின்னதாக இருப்பதால் தடையைத் தாண்டி நுழைந்துவிடும் என்று நினைத்தால் தப்பு. சாதாரண மருந்து மூலக்கூறு இதைவிட ரொம்பச் சின்னது, அதையே உள்ளே விடுவதில்லை. துகளின் வேலை வேறு. மருந்தை வழியில் சிதையாமல் பொத்தி எடுத்துப்போவது ஒன்று. மூளைக்கு இரும்புச்சத்து போன்றவை தேவை, அவற்றை உள்ளே எடுப்பதற்கென்று தனி வாசல்கள் உண்டு. அந்த வாசல் அடையாளம் காணும் புரதத்தைத் துகளின் மேல் ஒட்டினால், காவலாளி நம்ம ஆள் என்று நினைத்து உள்ளே விடலாம். இது இன்னொன்று.

துகளில் மருந்தை அடைப்பது புது விஷயம் கிடையாது. கொழுப்புக் குமிழுக்குள் அடைத்த டாக்சில் என்ற புற்றுநோய் மருந்துக்கு 1995-லேயே அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பிறகு ஏன் இவ்வளவு தாமதம்? கல்லீரலும் மண்ணீரலும்தான் பெரிய தலைவலி. ரத்தத்தில் வரும் துகள்களை அவை வடிகட்டிப் பிடித்துவிடுகின்றன. பல வகைக் கட்டிகளில், பெரும்பாலும் எலிகளில், பத்து வருஷம் நடந்த ஆய்வுகளை அலசி, டொரண்டோ ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஊசியில் ஏற்றிய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது நடுத்தரமாக 0.7 சதவீதம். நூறு துகளில் ஒன்றுகூட முழுசாக இல்லை!

மனிதர்களிடம் நடந்தது என்ன?

நார்த்வெஸ்டர்ன் குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வில், கட்டி திரும்ப வந்த 8 பேருக்குத் தங்க நானோ துகளை நரம்பு வழியாக ஏற்றினார்கள். கட்டி செல்களைச் சாகவிடாமல் காக்கும் ஒரு மரபணுவை அடக்குவதற்கான ஆர்.என்.ஏ. அந்தத் துகளில் இருந்தது. அடுத்த ஒன்றிரண்டு நாளில் ஆபரேஷன் செய்து எடுத்த கட்டியில் தங்கம் இருந்தது. அந்த மரபணு தயாரிக்கும் புரதமும் குறைந்திருந்தது. மருந்து போய்ச் சேர்கிறது என்பதற்கு இது உறுதியான சாட்சி. ஆனால் இவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்களா என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை. 8 பேரை வைத்து அதைச் சொல்லவும் முடியாது.

இன்னொரு வழி, காவலாளியைக் கொஞ்ச நேரம் அசத்திவிடுவது. மண்டையோட்டில் பொருத்திய அல்ட்ராசவுண்ட் கருவியை இயக்கி, ரத்தத்தில் ஏற்றிய நுண் குமிழ்களை அதிர வைத்தால் அந்த இறுக்கம் தளரும். அதே பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில் 17 பேருக்கு இப்படிச் செய்து, ஆல்புமின் புரதத்தோடு நானோ துகளாகக் கட்டிய பாக்லிடாக்சலைக் கொடுத்தார்கள். மூளையில் மருந்தின் அளவு கிட்டத்தட்ட நான்கு மடங்கு கூடியது. ஒரு மணி நேரத்துக்குள் தடை பெரும்பாலும் மூடிக்கொண்டது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் இதுவும் பாதுகாப்பைச் சோதிக்கும் முதல் கட்டம். சிலநூறு பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, புது முறை பெற்றவர்கள் நிஜமாகவே அதிக நாள் வாழ்கிறார்களா என்று பார்ப்பது வேறு வேலை. பல புற்றுநோய் மருந்துகள் தோற்றுப்போவது அந்தக் கட்டத்தில்தான்.

அதனால் அடுத்த முறை குடும்பக் குரூப்பில் நானோ செய்தி வந்தால், எலியா மனிதரா, எத்தனை பேர், கட்டி சுருங்கியதா இல்லை ஆயுள் கூடியதா என்று பார்த்துவிடலாம். யாராவது நானோ சிகிச்சை இங்கேயே டிரையல் நடக்கிறது என்று சொல்லிப் பணம் கேட்டால், சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன என்று கேட்க வேண்டும். இந்தியாவில் நடக்கும் மருத்துவ டிரையல்கள் அந்தப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். எண் இருந்தாலும், அதை இப்போது பார்க்கும் ஆன்காலஜிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிவிட்டு முடிவு செய்வது நல்லது.