தொட்டிலில் பூசிய வண்ணத்துக்கும் கணக்குக் கேட்க வேண்டும்

புது தில்லி: தமிழக எல்லையான வாளையாறைக் கடந்ததும் வரும் கஞ்சிக்கோடு, கேரளத்தின் முக்கியத் தொழிற்பேட்டைகளில் ஒன்று. அங்குள்ள உருக்காலைகளின் புகை குறித்து மக்கள் பல ஆண்டுகளாகப் புகார் கூறி வருகின்றனர். புகை கண்ணுக்குத் தெரிகிறது, புகார் எழுகிறது. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் தொட்டில், கட்டில், அலமாரி ஆகியவற்றிலிருந்து குழந்தையின் உடலில் சேரும் நஞ்சு கண்ணுக்குத் தெரிவதில்லை. அது குறித்துக் கேள்வி எழுவதும் அரிது.

நிறம் மங்காமலிருக்கவும் விரைந்து உலரவும் வண்ணப்பூச்சுகளில் ஈயச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டு வந்தன. பூச்சு உரியும்போது ஈயம் தூசியாகித் தரையில் படிகிறது. தரையில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கிறது. பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு ஈயத்தைக் குழந்தையின் உடல் ஈர்த்துக்கொள்ளக் கூடும் என்றும், பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூளை வளர்ச்சியில் ஏற்படும் பாதிப்பை மருந்தால் சரிசெய்ய இயலாது. இந்தியாவில் 27.5 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருக்கக்கூடும் என யுனிசெப் 2020-ல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. பழைய பேட்டரிகளை உருக்குவது உள்ளிட்ட காரணங்கள் பல; வண்ணப்பூச்சும் அவற்றில் ஒன்று.

சட்டம் இல்லாமல் இல்லை. வீட்டு உபயோக வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு 10 லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என மத்திய அரசு 2016-ல் விதி வகுத்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. சோபா, மெத்தை ஆகியவற்றின் நுரைப்பஞ்சு தீப்பற்றாமலிருக்க உலக அளவில் பயன்படுத்தப்பட்ட சில புரோமின் சேர்மங்கள், 2018 மார்ச்சில் வெளியான மற்றொரு விதியின் மூலம் தடை செய்யப்பட்டன. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் இடம்பெற்ற அந்த ரசாயனங்களின் மீதான தடைக்கு ஒப்புதல் அளிக்க மத்திய அமைச்சரவை 2020 அக்டோபரில் இசைந்தது.

குறை எங்கே? ஈயம் குறித்த விதி வண்ண டப்பாவின் மீது எழுதப்பட வேண்டியதைச் சொல்கிறது. அந்த டப்பாவைத் திறந்து பூசப்பட்ட தொட்டிலை வாங்கும் தாய்க்கு அதனால் எதுவும் தெரிய வழியில்லை. தொட்டிலில் தொங்கவிடும் கிலுகிலுப்பைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதில் ஈயத்தின் அளவும் சோதிக்கப்படுகிறது. குழந்தை பல் முளைக்கும் பருவத்தில் கடிப்பது கிலுகிலுப்பையை மட்டுமல்ல, தொட்டிலின் விளிம்பையும்தான்.

ஒட்டுப் பலகையின் நிலையும் கவலைக்குரியது. பெரும்பாவூரைச் சுற்றி வளர்ந்த ஒட்டுப் பலகைத் தொழில் கேரளத்துக்குப் பெரும் வருவாய் தருவது. இத்தகைய பலகைகளை ஒட்டப் பரவலாகப் பயன்படும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசியக் கூடும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, அதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என 2004-ல் வகைப்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த, காற்றோட்டமற்ற அறையில் கசிவு அதிகமாகும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டில், தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கும் ஒற்றை அறை வீடுகளை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். அமெரிக்கா 2010-ல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

தாமதத்தின் விலையைக் கேரளம் நன்கறியும். காசர்கோட்டின் அரசு முந்திரித் தோட்டங்களில் 2000-ம் ஆண்டு வரை எண்டோசல்பான் வான்வழியே தெளிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை விதித்தது 2011-ல். பாதிக்கப்பட்டோருக்குத் தலா ரூ. 5 லட்சம் வழங்க ஆணையிட்டது 2017-ல். எந்தத் தொகையும் இழந்த பிள்ளைப் பருவத்துக்கு ஈடாகாது.

கட்டுப்பாடு கடுமையானால் சிறு தச்சர்கள் பாதிக்கப்படுவர் என்ற வாதம் எழலாம். அது புறக்கணிக்கத்தக்கதல்ல. ஆகவே பொறுப்பு, வண்ணத்தையும் பலகையையும் உற்பத்தி செய்வோர் மீதே சுமத்தப்பட வேண்டும். அவர்கள் தரும் சான்று தச்சரின் பட்டறை வழியாகக் கடைக்கும், கடையிலிருந்து வாங்குவோருக்கும் செல்ல வேண்டும். பொம்மைக்குள்ள ரசாயன வரம்பு தொட்டிலுக்கும் குழந்தைகளின் கட்டிலுக்கும் பொருந்த வேண்டும்.

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-ன் 26-வது பிரிவின்படி, அச்சட்டத்தின் கீழ் வகுக்கப்படும் விதிகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் 30 நாள்களுக்கு வைக்கப்பட வேண்டும். அவற்றைத் திருத்தும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு. எத்தனை வண்ண மாதிரிகள் சோதிக்கப்பட்டன, எத்தனை தோல்வியுற்றன, எவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று மாநில வாரியாகக் கேட்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. கேள்வி நேரமே போதும். பாலக்காட்டின் உறுப்பினரும் எல்லைக்கு இப்பால் கோவையின் உறுப்பினரும் சேர்ந்து கேட்கலாம். வாளையாறின் இரு பக்கங்களிலும் குழந்தைகள் ஒரே விதமான தொட்டிலில்தான் உறங்குகின்றனர்.