எது தர்மம்? யாருக்கு மரியாதை?

நம் நாட்டில் தர்மம் செய்கின்றவர்களுக்குப் பஞ்சமில்லை. இத்தனை தர்மம் நடந்தும் ஏழை ஏழையாகவே இருக்கின்றானே, அது ஏன் என்று கேட்கின்றவர்களுக்குத்தான் பஞ்சம். கோபுரத்துக்குக் கலசம் செய்து கொடுத்தவனுக்குப் பரிவட்டம் கட்டுகின்றோம். தேருக்கு வடம் வாங்கிக் கொடுத்தவன் பெயரைக் கல்லில் வெட்டுகின்றோம். பள்ளிக்கூடத்துக்குக் கரும்பலகை வாங்கிக் கொடுத்தவன் பெயர் ஊரில் யாருக்காவது தெரியுமா?

இதற்குக் காரணம் என்னவென்றால், கொடுக்கின்றவனுக்கு மோட்சம் கிடைக்குமா என்பதையே நாம் தர்மத்துக்கு அளவுகோலாக வைத்திருக்கின்றோம். வாங்குகின்றவனுக்கு என்ன பிரயோஜனம் என்று பார்ப்பதில்லை. இந்தக் கணக்குப்படி உலகில் ஏழையே இல்லாமற்போனால் பணக்காரன் மோட்சத்துக்குப் போக வழியே இராது!

நம் பக்கத்துச் சங்கதிகளையே பார்ப்போம். திருநின்றவூரிலிருந்து வடக்கே போனால் பெரியபாளையம். 1754-ல் அங்கு பிறந்த பச்சையப்பர், 1794-ல் இறக்குமுன் தமது பெருஞ்சொத்தைக் கோயில் காரியங்களுக்கும் தர்மங்களுக்கும் எழுதி வைத்தார். நடந்தது என்ன? பல்லாண்டுக் காலம் அது வழக்கில் கிடந்தது. கோர்ட்டு தலையிட்டு, மிஞ்சிய பணத்தைப் படிப்புக்குத் திருப்பிய பிறகே 1842-ல் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. இன்று அவர் பெயர் நிலைத்திருப்பது பூசையினாலா, படிப்பினாலா? அவர் பெயரால் அமைந்த கல்லூரியிலும் 1947 வரை இந்துக்களுக்கு மட்டுமே இடம். அறிவுச் சாலைக்கு மதக் கதவு எதற்கு என்று கேட்கின்றோம்.

ஆவடியைத் தாண்டினால் 'இந்துக் கல்லூரி' என்றே ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருக்கின்றது. கலவல கண்ணன் செட்டியார் பெயரால் 1969-ல் பட்டாபிராமில் ஏற்பட்ட கல்லூரியைக் குறிப்பது அது. 'தர்மமூர்த்தி' என்றும் 'ராவ்பகதூர்' என்றும் கல்லூரிப் பெயரில் இரண்டு பட்டங்கள் உண்டு. ஆனால் டிக்கட்டு வாங்குகின்றவன் வாயில் வருவது கொடுத்தவர் பெயருமல்ல, பட்டமுமல்ல, மதத்தின் பெயரே. அக்கல்லூரியால் இப்பக்கத்துப் பிள்ளைகள் பட்டதாரிகளானதை நாம் மறுக்கவில்லை, நன்றியோடு ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் அந்த நன்மை மனிதன் கொடையால் வந்ததே தவிர மதத்தால் வந்ததல்ல.

நிற்க, அதே ரயில் பாதையில் திருவள்ளூருக்கு அப்பால் கடம்பத்தூர் இருக்கின்றது. காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறைத் தலைவராகவும் இருந்தபோது, 1958-ல் பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் முதல் மாநாடு அங்கேதான் கூடியது. பெஞ்சு, கரும்பலகை, பிள்ளைகளுக்குச் சட்டை என்று ஊரார் கொடுத்தார்கள். 1956-ல் தொடங்கிய பள்ளிப் பகலுணவும் முதலில் ஊரார் கையால் நடந்ததே. பிறகு ஒரு சாப்பாட்டுக்குச் சர்க்கார் 6 காசு கொடுக்க, ஊரார் 4 காசு போட்டார்கள். அந்த 4 காசு போட்டவன் பெயர் எந்தக் கல்லிலாவது இருக்கின்றதா?

"கோயிலிலும் அன்னதானம் நடக்கின்றதே" என்று சிலர் கேட்பார்கள். பசித்தவனுக்குச் சோறு போடுவதை நாம் குறை கூறவில்லை. யார் யாரோடு உட்கார்ந்து உண்கின்றான் என்பதையும் பார்க்க வேண்டாமா? பொதுஜனப் பணம் பெற்ற சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதால் 1925-ல் தமிழ்நாடே கலங்கவில்லையா? அன்றியும், இன்று சோறு வாங்கியவன் நாளையும் அதே வரிசையில் நிற்கும்படி விடுவது தர்மமாகுமா? பள்ளிக்கூடத்தில் போட்ட 4 காசோ அப்படிப்பட்டதல்ல. அது சர்க்காரின் கடமையாயிற்று. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. பிள்ளை இன்று கையேந்தவில்லை. தன் பங்கை உண்கின்றான். தர்மத்தின் வெற்றி, தர்மமே தேவையில்லாமற் போவதுதான்.

ஆகவே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லித் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுவே. நாளை எவரேனும் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றால் மூன்று கேள்வி கேளுங்கள். இதனால் பயன் அடைகின்றவன் யார்? வாசலில் நிறுத்தப்படுகின்றவன் யார்? இந்தத் தேவை என்றைக்கு ஒழியும்? மூன்றுக்கும் நேரான பதில் சொல்லுகின்றவனுக்குக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தவர்கள் பெயரை, காலணா கொடுத்தவரையும் விடாமல், சாதிப் பட்டம் நீக்கிப் பள்ளிச் சுவரில் எழுதுங்கள். மரியாதை அங்கே செய்யுங்கள்.