பிஞ்சுக் கைகளின் பரிசு

1837-இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் நகரில் கல்வியாளர் ஃப்ரோபெல் தொடங்கி, 1840-இல் கிண்டர்கார்ட்டன் என்று நாமகரணம் செய்த பாலர் பள்ளியில், காகிதம் மடித்தலும் பின்னலும் கல்வியின் அங்கங்களாகவே விளங்கின. நான்கு காகிதப் பட்டைகளைப் பின்னிச் செய்யும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்றும் அந்நாட்டில் அவர் நாமத்தையே தாங்கி நிற்கிறது.

டிசம்பர் பிறந்ததும் நம் பாலர் வகுப்புகளில் நான் காண்பதோ வேறு: குழந்தை பசை தடவிக் கோணலாக ஒட்டிய ஜிகினாத்தாள் நட்சத்திரத்தை ஆசிரியை உரித்தெடுத்து, நேராக ஒட்டி, ‘அம்மாவுக்கு’ என்று தாமே அழகாக எழுதிக் கொடுத்துவிடுகிறார். அது யாருடைய பரிசு? முனை மழுங்கிய கத்தரிக்கோலைப் பிடிக்கப் பழக்குவதும், பசை உலரும்வரை கூடவே பொறுத்திருப்பதும், யாருக்குக் கொடுக்கப்போகிறாய் கண்ணே என்று வினவுவதுமே ஆசிரியையின் கடமை என்பேன். விரல் ரேகை பதிந்த அந்தக் கோணல் நட்சத்திரம் அவ்வண்ணமே தாயிடம் போய்ச் சேரட்டும்.