புகையும் குடமும்

மாலைப் பொழுதில் தெருவினுள் புகையடிக்கும் வண்டி வருகிறது. சிறுவர்கள் ஆர்ப்பரித்து அதன் பின்னே ஓடுகின்றனர். பெரியவர்களோ கொசு ஒழிந்ததென்று மனநிறைவு கொள்கின்றனர். உண்மை வேறு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. கட்டிலின் அடியிலும் தொங்கும் ஆடைகளின் மறைவிலும் தங்குவது. தெருவில் எழும் புகை அவ்விடங்களை எட்டுதல் அரிது. எட்டினும், நீரில் நெளியும் புழுக்களை அது ஒன்றும் செய்யாது. நோய் மூண்டு பரவும் வேளையில் புகைக்கும் பயன் உண்டு. அதுவே முழு மருந்தெனக் கருதுவதைத்தான் மறுக்கிறேன்.

இக்கொசு சாக்கடையைப் பெரிதும் நாடுவதன்று. நாம் சேமித்து வைத்த தெளிந்த நீரே அதற்கு உவப்பு. கலத்தின் உட்சுவரில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே முட்டையிடும். அம்முட்டைகள் நீரின்றிப் பல திங்கள் உயிர்தாங்கிக் கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆதலின் நீரைக் கொட்டிக் கவிழ்த்தல் மட்டும் போதாது. கிழமைக்கு ஒரு முறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

இவை மக்கள் கடமை. ஆயின், மக்கள் ஏன் நீரைத் தேக்குகின்றனர் என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. 2012ஆம் ஆண்டில் தமிழகத்தில் 12,000 பேருக்கு மேல் டெங்குவால் தாக்குண்டனர். திருநெல்வேலி மாவட்டம் பெரிதும் அல்லலுற்றது. சில நாள்களுக்கு ஒரு முறையே குழாயில் நீர் வரும் ஊரில், அண்டாவிலும் டிரம்மிலும் நீர் நிறைத்து வைக்கும் தாயைக் குற்றவாளியாக்குவது எங்ஙனம் அறமாகும்? கதவைத் தட்டிப் புழுவைக் காட்டித் தண்டம் விதித்தல் எளிது. நாள்தோறும் நீர் வழங்குதலன்றோ அரிது!

பனாமாக் கால்வாய் வெட்டப்பட்ட காலத்தில் இதே கொசு அங்கு மஞ்சள் காய்ச்சலைப் பரப்பியது. மருத்துவர் வில்லியம் கார்கஸ் வீடுதோறும் புகையிடச் செய்தார், அத்துடன் அமையவில்லை. 1905இல் பனாமா நகருக்குக் குழாய்நீர் வந்தது. வீட்டு முற்றத்து நீர்ப்பீப்பாய்களுக்குத் தேவை குன்றிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் நகரில் மஞ்சள் காய்ச்சல் அடங்கியது.

நாமோ கொசு ஒழிப்பை ஒரு கணக்கிலும் குடிநீரை வேறொரு கணக்கிலும் எழுதுகிறோம். குழாய்க்குச் செலவிடும் பணத்தை நோய்த்தடுப்புச் செலவாகவே கொள்ளல் வேண்டும் என்பது என் கருத்து. அந்நாள் வரும்வரை, அண்டாவின் வாயை மெல்லிய துணியால் இடைவெளியின்றி இறுகக் கட்டி வைப்பதைத் தவிர நம் வீட்டுப் பெண்களுக்கு வேறு வழியில்லை.