குணமானதற்குப் பரிசு ஓர் ஆணா?

ரொமான்ஸ் நாவல் என்றாலே மூக்கைச் சுளிக்கிற கூட்டத்தில் நான் இல்லை. சுபமான முடிவு அந்த வகைமையின் விதி. அதைக் குறை சொல்வது, துப்பறியும் கதையில் கொலை எதுக்குன்னு கேட்பதுபோல. என் சண்டை வேறு.

கொலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' (2016) நாவலை எடுத்துக்கொள்வோம். அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்த லில்லி, பாஸ்டனில் பூக்கடை வைக்கிறாள். மூளை அறுவை மருத்துவர் ரைலை மணக்கிறாள். அவனும் அடிக்கிறான். மகள் பிறந்த கையோடு, மருத்துவமனை அறையிலேயே விவாகரத்து கேட்கிறாள். நாளைக்கு நம்ம பொண்ணை ஒருத்தன் இப்படி அடிச்சா அவளுக்கு என்ன சொல்லுவ என்பதுதான் அவள் வாதம். ரைலிடம் பதில் ஒன்றுதான் இருக்க முடியும். சமகால ரொமான்ஸில் இவ்வளவு நேர்மையான காட்சியை நான் அதிகம் படித்ததில்லை.

அங்கேயே முடிச்சிருக்கலாம். ஆனால் பின்னுரையில் பழைய காதலன் அட்லஸ் எதிரே வந்து நிற்கிறான். அதுவும் போதாமல் 2022இல் 'இட் ஸ்டார்ட்ஸ் வித் அஸ்' என்று முழு நாவல். லில்லியும் அட்லஸும் மாறி மாறிச் சொல்லும் கதை. முதல் தலைப்பின் 'நாம்' அம்மாவும் மகளும். இரண்டாவதில் அந்த 'நாம்' காதல் ஜோடி ஆகிவிட்டது. மகளின் இடத்தில் அட்லஸ்.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? அடிக்கிற வீட்டிலிருந்து வெளியேறும் பெண்ணுக்கு முதலில் எதிரே வருவது வாடகை, வழக்கு, சொந்தக்காரர்களின் வாய். வெளியே ஒருத்தன் காத்திருந்தால்தான் கதவைத் திறக்கலாம் என்று வாசிக்கிறவளுக்குத் தோன்றிவிட்டால்?

அட்லஸ் வராவிட்டாலும் லில்லி எடுத்த முடிவு சரிதான். அதை நாவலே நம்பியிருக்கணும்.