கத்திக்கு முன் கேள்வி

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் ஒருவருக்குத் திடீரென வலிப்பு வந்தால், திருவனந்தபுரத்தில் எடுக்கும் ஸ்கேனில் சிறு வளையம் ஒன்று தெரியலாம். ‘மூளையில் கட்டி’ என்ற சொல்லே குடும்பத்தை அறுவைக்கு அஞ்ச வைக்கிறது. அது காசநோய்க் கட்டியாகவும் இருக்கலாம்; நாடாப்புழுவின் இளம்பருவப் பை நலிந்து உண்டானதாகவும் இருக்கலாம்.

இவ்விரண்டையும் பிரித்தறிய வழிகாட்டியது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1980களின் இறுதியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் அறுவையில் எடுத்த திசுக்களை ஆய்ந்து, இத்தகைய ஒற்றைச் சிறு கட்டிகளில் பெரும்பாலானவை புழுவால் வந்தவை எனக் காட்டினர். கட்டி 20 மில்லிமீட்டருக்கு உட்பட்டிருத்தல், மண்டையுள் அழுத்தம் கூடாமை, நரம்புக் குறைபாடு மேன்மேலும் வளராமை, உடலில் காசநோய் இல்லாமை ஆகியன அவர்கள் வகுத்த அடையாளங்கள். இவை பொருந்தின் மருந்தும் மறு ஸ்கேனும் பெரும்பாலும் போதும். மூளையின் நீர்வழியைப் பை அடைப்பது போன்ற நிலைகளிலேயே அறுவை தேவைப்படும்.

இவ்வடையாளங்களுள் பல நோயாளியின் வாய்மொழியிலிருந்தே தெளிவாகின்றன. ஆகவே, தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் எல்லையில் அவர் பேச்சிலேயே கேட்பது நோயறிதலின் ஒரு பகுதி. ‘பன்றி இறைச்சி உண்பதுண்டா?’ என்ற கேள்வி மட்டும் போதாது. இறைச்சி வழியே வருவது குடல் நாடாப்புழு. மூளையை அடையும் இளம்புழுவோ, மனித மலத்தால் மாசுற்ற நீர், காய்கறி, கை வழியே உட்செல்லும் முட்டையிலிருந்து பொரிவது. சைவ உணவினரையும் அது விடாது. வீட்டில் எவருக்கேனும் நாடாப்புழு உண்டா என்று வினவி அவருக்கும் மருந்தளிக்காவிடில், ஒரு கட்டி கரைந்தாலும் நோயின் ஊற்று அவ்வீட்டிலேயே இருக்கும்.